கொம்பை எண்ணாதீர்கள்! – அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் பழைய ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றுவது பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைஃபைதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய லினக்ஸை அந்தப் பெட்டியில் ஏற்றுவதற்குப் பெயர்தான் ஓபன்டபிள்யூஆர்டி. இன்வெர்ட்டர் பற்றிக் கேட்ட மூன்று பேரும் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, நாலு கொம்பு ரவுட்டரைக் கொடுத்துவிட்டு ஆறு கொம்பு ரவுட்டர் வாங்கினோம். போனில் வேகம் பழைய மாதிரியேதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, ஈரோடு

முழுசாக ஏமாறவில்லை அம்மா. எண்ண வேண்டியதை விட்டுவிட்டுக் கொம்பை எண்ணிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரன். எண்பதுகளில் இலங்கை டிவியான ரூபவாஹினி பிடிக்க மாடியில் பைப் நட்டு, கீழே இருந்து அத்தை “வருது... வருது... ஏ, போச்சு!” என்று கத்தக் கத்த மேலே ஆன்டெனாவைத் திருப்பி வளர்ந்தவன். ஒரு ஆன்டெனாவுக்கு மேல் இன்னொன்றைக் கட்டினால் படத்தில் புள்ளி குறையும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு படம் ஓடாது. ஆரம்பகால வைஃபை ரவுட்டர்களில் இரண்டு கொம்பு இருந்ததும் இதே கதைதான். எதில் சிக்னல் நன்றாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும், மற்றது சும்மா நிற்கும்.

2009-ல் 802.11என் என்ற வைஃபை தரம் வந்தபோதுதான் இது மாறியது. ஒரே சானலில், ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஆன்டெனாவும் வேறு வேறு தகவலை அனுப்பும். சுவரில், பீரோவில், கதவில் பட்டுத் தெறித்து ஒவ்வொன்றும் வேறு பாதையில் வந்து சேர்வதால், வாங்குகிற பக்கம் கணக்குப் போட்டு அவற்றைப் பிரித்துவிடும். கல்யாண வீட்டில் ஒரு பக்கம் மேளம், மறு பக்கம் மாமா பேச்சு என்றாலும் இரண்டு காதை வைத்துச் சமாளிக்கிறோமே, ஏறக்குறைய அப்படி. இதற்குத்தான் மைமோ என்று பெயர். அப்படி ஓடும் ஒவ்வொரு தனித் தடமும் ஒரு ஸ்ட்ரீம். (ஒரே அலைவரிசையைப் பல ஆன்டெனாக்களால் இப்படிப் பங்கு போடும் யோசனைக்கு 1994-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய இருவரில் ஒருவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். நம் கடற்படைக்குச் சோனார் செய்து தந்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். 2014-ல் மார்கோனி பரிசு பெற்றார். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஏன் தெரியவில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.)

இனி உங்கள் விஷயம். ரவுட்டரில் எத்தனை இருந்தாலும், எதிரே இருக்கும் கருவியிலும் அத்தனை இருந்தால்தான் அத்தனை ஸ்ட்ரீம் ஓடும். நல்ல போனில் இரண்டு ஆன்டெனா, விலை மலிவான போனில் ஒன்று. அடுத்து வந்த 802.11ஏசி தரத்தில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலில், ஒரு ஸ்ட்ரீமுக்கு 433 மெகாபிட், இரண்டுக்கு 867. உங்கள் போன் 433-க்காரர் என்றால் ஆறு கொம்பல்ல, பன்னிரண்டு நட்டாலும் 433-தான். அதுவும் இணைப்பின் வேகம். கைக்கு வருவது அதில் பாதிக்குச் சற்று மேல். என் கடையில் இரண்டு ஸ்ட்ரீம் லேப்டாப் ஒன்று, ரவுட்டருக்கு இரண்டடி தள்ளி வைத்தும், 867-க்கு 540 வாங்கியது. அதற்கே நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 867-ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் நிரவிய எண். இரண்டு பேண்டையும் சேர்த்து அந்த மொத்தத்தையும் எந்தப் போனும் வாங்காது. கூடுதல் கொம்புகளால் பயனே இல்லையா என்றால், உண்டு. பின்கட்டு அறையில் சிக்னல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்து என் 300 மெகாபிட் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றினேன். இப்போது 20-க்கு மேல் வரவில்லை. உள்ளே பிராட்காம் சிப். நான் என்ன தப்பு செய்தேன்?
– பொறியியல் மாணவர், நாகர்கோவில்

தப்பு என்னுடையது தம்பி. “முதலில் சிப்பைப் பார்” என்று எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

உங்கள் பெட்டியில் இரண்டு ஆன்டெனாவும் இருக்கிறது, இரண்டு ஸ்ட்ரீம் ஓட்டும் சிப்பும் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த ட்ரைவர், அதாவது சிப்பை இயக்கும் நிரல்தான் இல்லை. பிராட்காம் தன் பழைய சிப்புகளுக்குத் திறந்த ட்ரைவர் தரவில்லை. ஆர்வலர்கள் அந்த மூடிய ட்ரைவர் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு படியாகக் கவனித்து எழுதியதுதான் பி43. 2008 தொடக்கத்தில் லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் சேர்ந்தது. அது பெரிய உழைப்பு, குறை சொல்ல மனசு வராது. ஆனால் அதற்கு 802.11என் வேகங்கள் தெரியாது. சிப் எதுவானாலும் பழைய 54 மெகாபிட்டோடு நின்றுவிடும். 54-இல் கைக்கு வருவது நீங்கள் பார்த்த அந்த 20 சொச்சம்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஓபன்டபிள்யூஆர்டி பிறந்ததே பிராட்காம் பெட்டியில்தான். லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்புப் பெட்டி, பின்னால் இரண்டு கொம்பு. உள்ளே இருந்தது லினக்ஸ் என்று கண்டுபிடித்தவர்கள், ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் கொடு என்று கேட்டார்கள். 2003-ல் கொடுத்தார்கள். 2004 ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரில் இருக்கும் அந்த டபிள்யூஆர்டி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் வெளியே வந்தது ரவுட்டரின் நிரல் மட்டும். வைஃபை ட்ரைவர் மூடிய பொட்டலமாகவே இருந்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கதை.

உங்களுக்கு வழி: டிடி-டபிள்யூஆர்டி அல்லது ஃபிரெஷ்டொமேட்டோ என்ற மாற்று மென்பொருள். இரண்டும் பிராட்காமின் மூடிய ட்ரைவரையே வைத்துக்கொள்வதால் பழைய வேகம் திரும்பிவிடும். உங்கள் மாடலின் பெயர், அதன் பதிப்பு எண் இரண்டும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் பெட்டி உயிர் போய் வெறும் செங்கல்தான். நான் கடையில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது அப்படிப்பட்ட ஒன்று.

ட்ரைவர் எல்லா ஆன்டெனாவையும் பயன்படுத்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், திண்டுக்கல்

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

கட்டளை பழக்கமில்லாதவர்கள் ஓபன்டபிள்யூஆர்டியின் லூசி என்ற முகப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராக வேகமும், எம்சிஎஸ் என்று ஓர் எண்ணும் இருக்கும். 802.11என்-இல் எம்சிஎஸ் 0 முதல் 7 வரை ஒரு ஸ்ட்ரீம், 8 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 23 வரை மூன்று. ஏசி-யிலும் அதற்குப் பிறகு வந்த தரங்களிலும் ஸ்ட்ரீம் எண்ணிக்கையை என்எஸ்எஸ் என்று தனியாகவே எழுதிவிடும். பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும் போன் காட்டும் எண்ணை நம்பக் கூடாது.

கட்டளை தெரிந்தவர்கள் ஐடபிள்யூ என்ற கருவியை ஓட்டி, சிப்பின் விவரத்தில் ஆன்டெனா வரியைப் பாருங்கள். அது 3 என்று முடிந்தால் இரண்டு ஆன்டெனா, 7 என்றால் மூன்று, எஃப் என்றால் நான்கு. ஆன்டெனா ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட், அவ்வளவுதான் சூட்சுமம். இருப்பவை எத்தனை, அமைத்திருப்பவை எத்தனை என்று இரண்டு வரி வரும். இரண்டும் வேறாக இருந்தால் யாரோ, பெரும்பாலும் நீங்களே, எதையோ அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

அதே கருவியில் இணைந்தவர்களின் பட்டியலைக் கேட்டால், சிக்னல் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு ஆன்டெனாவின் கணக்கும் தனித்தனியாக வரும். இது எனக்குக் கிடைத்த தங்கச் சுரங்கம். மூன்று ஆன்டெனா ரவுட்டர் ஒன்று, ஏதெரோஸ் சிப்பை ஓட்டும் ஏத்9கே ட்ரைவர். இரண்டு ஸ்ட்ரீம் லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்தாலும் எம்சிஎஸ் 7-ஐத் தாண்டினால் உடனே கீழே விழும். ட்ரைவரை மாற்றினேன், பழைய பதிப்புக்குப் போனேன், சானலை மாற்றினேன், மூன்று ராத்திரி போனது. கடைசியில் அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால்: −47, −82, −80. மூன்றில் ஒன்றுதான் கேட்கிறது, மற்ற இரண்டும் செவிடு. பெட்டியைத் திறந்தேன். சட்டைப் பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டும் குட்டி வயர் முனைகள் இரண்டு கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. கழற்றியது யார்? ஆறு மாதம் முன்பு சீரியல் வயர் வைக்க அதே பெட்டியைத் திறந்த நான்தான். வீட்டுக்காரியிடம் இன்றுவரை “ட்ரைவர் பிரச்சினை” என்றே சொல்லி வைத்திருக்கிறேன். இந்த இதழை அவள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும்.

எண்கள் இரண்டு மூன்று வித்தியாசத்தில் இருந்தால் பரவாயில்லை. முப்பது வித்தியாசம் என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

இன்னொன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300-க்குப் பதில் 144 காட்டுகிறது என்று பலர் எழுதுகிறீர்கள். அது இரண்டு ஸ்ட்ரீமும் ஒழுங்காக ஓடுகிற அடையாளம். சானல் அகலம் மட்டும் 40-இலிருந்து 20-க்கு இறங்கியிருக்கிறது. அக்கம்பக்கத்து வைஃபை கண்ணில் பட்டால் ஓபன்டபிள்யூஆர்டி தானாகவே ஒதுங்கி இடம் விடும். அதை வற்புறுத்தி 40 ஆக்கும் வசதியும் உண்டு. அடுக்குமாடியில் அதைச் செய்பவர், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாத சித்தப்பாவுக்குச் சமம்.

ஆயுத பூஜைக்கு ரவுட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

தாராளமாக. காற்று போகும் ஓட்டையில் அப்பாமல் நெற்றியில் மட்டும் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு எத்தனை பொட்டு வைத்தாலும் பலன் இல்லை.

ஐயா, எங்கள் அரிசி ஆலைக்கும் வீட்டுக்கும் 300 மீட்டர். நடுவே வயல்தான், மறைப்பே இல்லை. இரண்டு மாடியிலும் 2×2 (இரண்டு ஆன்டெனா) ரவுட்டர், 5 கிகாஹெர்ட்ஸ், ஓபன்டபிள்யூஆர்டி. சிக்னல் அருமையாக வருகிறது. ஆனால் ஒரு ஸ்ட்ரீமுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. வீட்டுக்குள் வைத்தால் இரண்டும் ஓடுகிறது!
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

ஈரோட்டு அம்மாவுக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். சுவரில் தெறித்து வேறு வேறு பாதையில் வருவதால்தான் ஸ்ட்ரீம்களைப் பிரிக்க முடிகிறது. உங்கள் வயலில் தெறிக்க என்ன இருக்கிறது? கொக்குதான் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரீமும் ஒரே நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்கின்றன, எது எது என்று எதிர்ப்பக்கத்துக்குத் தெரியவில்லை. சிக்னல் எவ்வளவு கூடினாலும் இது தீராது.

மருந்து இலவசம். இரண்டு பெட்டியிலும் ஒரு கொம்பை நேராக நிறுத்துங்கள், இன்னொன்றைப் படுக்க வையுங்கள். நிமிர்ந்த அலையும் படுத்த அலையும் ஒன்றோடொன்று அதிகம் கலக்காது, இரண்டு ஸ்ட்ரீமும் பிரிந்துவிடும். படுக்க வைப்பதில் ஒரு நுணுக்கம்: அதன் நுனி எதிர்க் கட்டடத்தைச் சுட்டக் கூடாது. கொம்பின் நுனி வழியாக அலை போகாது, பக்கவாட்டில்தான் போகும். ஆலைக்குக் குறுக்கே, கைகளை விரித்த மாதிரிக் கிடக்க வேண்டும்.

லூசியில் தூரம் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 300 என்று போடுங்கள். நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வையுங்கள். 2018-லேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டைகளை உரிமம் இல்லாமல் வெளியிலும் பயன்படுத்த அனுமதித்துவிட்டார்கள். ரேடார் இருக்கக்கூடிய சானலைத் தேர்ந்தெடுத்தால், ரவுட்டர் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். “செத்துவிட்டது” என்று அதற்குள் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

காசு செலவழிக்கத் தயார் என்றால், இரண்டு திசையும் ஒரே தட்டில் அடங்கிய பேனல் ஆன்டெனாக்கள் கிடைக்கின்றன. ஐப்பசி மழைக்கும் அதுதான் தாங்கும். வீட்டு ரவுட்டரை மாடியில் பாலித்தீன் சுற்றி வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் வைத்திருக்கிறேன்.

பெட்டியில் “ஓப்பன் சோர்ஸ் ரெடி” என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்று ஒரு கருவி வந்திருக்கிறதாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

கண்ணைத் திறந்தே வாங்குங்கள். 2014-ல் லின்க்சிஸ் டபிள்யூஆர்டி1900ஏசி வந்தது. பழைய 54ஜி-யின் வாரிசு போல அதே நீலம் கறுப்பு, நாலு கொம்பு, ஓபன்டபிள்யூஆர்டி ஓடும் என்ற அறிவிப்பு. உள்ளே மார்வெல் சிப். ட்ரைவர் மூலநிரல் வெளியே வந்தது, ஆனால் அது கெர்னலின் முதன்மை நிரல் தொகுப்பில் சேரவே இல்லை. சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேரோ மூடியது. 2019-ல் மார்வெல் தன் வைஃபை தொழிலையே என்எக்ஸ்பி-க்கு விற்றுவிட்டது. அந்த ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தால் இனி யாரிடம் போய் நிற்பது?

அதனால் நான் பார்ப்பது பிராண்டை அல்ல, சிப்பையும் ட்ரைவரையும். ஏதெரோஸின் 802.11என் சிப்புகளுக்கான ஏத்9கே 2008-ல் கெர்னலில் சேர்ந்தது. வீட்டு ரவுட்டர்களில் வரும் அந்தச் சிப்புகளுக்குத் தனி ஃபர்ம்வேரே வேண்டாம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் நிரல். அதனால்தான் வெளியாட்கள் உள்ளே புகுந்து, மெதுவான ஒரு பழைய போன் மொத்த நேரத்தையும் தின்றுவிடாமல் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கும் வேலையை அதில் செய்து காட்ட முடிந்தது. ஏசி-க்கு வந்த ஏத்10கே-யில் திரும்பவும் மூடிய ஃபர்ம்வேர் வந்துவிட்டது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7-இன் இரண்டாம் பதிப்பு இந்த இரண்டுக்கும் நல்ல உதாரணம்: 2.4-க்கு ஏத்9கே, 5-க்கு ஏத்10கே, இரண்டிலும் மூன்று ஸ்ட்ரீம். என் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அதன் 720 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் இன்றைய ஃபைபர் வேகத்துக்கு மூச்சு வாங்கும்.

இப்போது வாங்குவதென்றால் மீடியாடெக் சிப், எம்டி76 ட்ரைவர். அதை முன்னின்று எழுதியவர் ஓபன்டபிள்யூஆர்டியின் மூத்த நிரலாளர் ஃபீலிக்ஸ் ஃபீட்காவ். மீடியாடெக் பொறியாளர்களும் அதில் நிரல் சேர்க்கிறார்கள். புதிய சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் மூடியதுதான், மறைக்க வேண்டாம். ஆனாலும் ட்ரைவர் கெர்னலுக்குள்ளேயே வளர்கிறது.

நீங்கள் கேட்ட ஓபன்டபிள்யூஆர்டி ஒன்னும் அந்தக் குடும்பம்தான். திட்டத்தின் இருபதாம் ஆண்டையொட்டி 2024 நவம்பரில், பனானா பை தயாரிப்பில் வந்தது. மூன்று கொம்பு, வைஃபை 6, 1 ஜிபி ராம், வந்தபோது விலை பெட்டியோடு 89 டாலர். தப்பாக எதையாவது ஏற்றிவிட்டாலும் தனி நினைவகத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம். என் போன்ற கை துறுதுறுப்பவர்களுக்கு அதுவே போதும். குறை: 2.5 கிகாபிட் துளை ஒன்று, 1 கிகாபிட் துளை ஒன்று, அவ்வளவுதான். வீட்டில் டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் வயரில் மாட்டுபவர் தனியாக ஒரு சுவிட்ச் வாங்க வேண்டும்.

லினக்ஸ் லேப்டாப்புக்கு யுஎஸ்பி வைஃபை வாங்க வேண்டும். நண்பன் வைத்திருக்கும் அதே மாடலை வாங்கலாமா?
– மாணவி, திருச்சி

அதே மாடல் போதாதம்மா, அதே பதிப்பு எண்ணும் வேண்டும். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப், செருகினால் ஓடும். அதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். மேலே அட்டை ஒன்றுதான், உள்ளே ஆள் வேறு. அதுவும் ஒரே ஸ்ட்ரீம் கருவிதான். இரண்டு ஸ்ட்ரீம் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யு அல்லது எம்டி7921ஏயு சிப் உள்ளதைக் கேளுங்கள். இரண்டுக்கும் ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. கடைக்காரர் “லினக்ஸ் சப்போர்ட் இருக்கு” என்றால், குறுந்தட்டில் இருக்கிறதா கெர்னலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

வேகத்தை அளக்க ரவுட்டரிலேயே ஐபெர்ஃப் ஏற்றி ஓட்டினேன். 200-தான் வருகிறது. வைஃபை மோசமா?
– வாசகர், சேலம்

நீங்கள் அளந்தது ரவுட்டரின் பிராசசரை. அதையே பாக்கெட் தயாரிக்கவும் சொல்லி, அனுப்பவும் சொன்னால் பாவம் என்ன செய்யும்? ஐபெர்ஃபை வயரில் மாட்டிய ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். ரவுட்டர் நடுவே தபால்காரராக மட்டும் இருக்கட்டும்.

அண்ணாச்சி, 300 மெகாபிட் ரவுட்டர், 200 மெகாபிட் ஃபைபர் திட்டம். ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, பழைய மென்பொருள் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டேன். எதிலும் 94-ஐத் தாண்டவில்லை. எந்த ட்ரைவர் போடட்டும்?
– வாசகர், கோவில்பட்டி

ட்ரைவரை விடுங்கள். ரவுட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். வைஃபைக்கு 300 என்று அட்டையில் போட்டவர்கள் வயர் துளையை 100-ஓடு நிறுத்தியிருப்பார்கள். 94 என்ற எண்ணைக் கண்டாலே எனக்கு அந்தத் துளைதான் ஞாபகம் வரும். துளை கிகாபிட்தான் என்றால், நாலு கம்பி மட்டும் ஒழுங்காக இருக்கும் பழைய கேபிளாக இருக்கும், மாற்றுங்கள். அதுவும் சரி என்றால் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம்தானே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள். வரும்போது கடலைமிட்டாய்.